ஐரோப்பியக் கலைச் சந்தைகளில் கொரிய நவீன ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்ட் பாசல் என்ற கலைச் சந்தை நடக்கிறது. அக்டோபரில் லண்டனில் ஃப்ரீஸ், அதே மாதம் பாரிஸின் கிராண்ட் பாலேயில் இன்னொரு ஆர்ட் பாசல். மூன்றிலும் கொரிய ஓவியங்கள் இன்று தவறாமல் இடம்பிடிக்கின்றன. வெள்ளை, சாம்பல், மண் நிறம் என்று அடக்கமாகத் தொங்கும் அந்தக் கேன்வாஸ்களின் முன் நின்று, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். இவை கையால் உழைத்துச் செய்த ஓவியங்கள். அந்த உழைப்பும், அது நடந்த காலமும் தெரியாவிட்டால் கண்ணுக்குச் சிக்காது. தெரிந்துவிட்டால் எளிதில் விட்டு நகர முடியாது. அதனால்தான் இந்தப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

கலைச் சந்தைக்கும் அருங்காட்சியகத்துக்கும் என்ன வித்தியாசம்?

அருங்காட்சியகத்தில் ஒரு க்யூரேட்டர் தேர்ந்தெடுத்து, ஒரு கதையாக அடுக்கிக் காட்டுவார். சந்தையில் விற்பனைதான் வேலை. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் பதிப்பகங்கள் ஸ்டால் எடுப்பதைப் போல, இங்கே தனியார் கேலரிகள் வாடகை கொடுத்து அரங்கு எடுக்கின்றன. ஆனால் பணம் கட்டினால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. விண்ணப்பங்களை ஒரு தேர்வுக் குழு பார்த்துத்தான் அனுமதிக்கும், அந்தக் குழுவில் இருப்பவர்களும் பெரும்பாலும் கேலரிக்காரர்களே.

ஆர்ட் பாசலை 1970-இல் எர்ன்ஸ்ட் பையலர், ட்ரூடல் ப்ருக்னர், பால்ஸ் ஹில்ட் என்ற மூன்று உள்ளூர் கேலரிக்காரர்கள் தொடங்கினார்கள். இப்போது 280-க்கும் மேற்பட்ட கேலரிகள் வருகின்றன. முதல் இரண்டு நாள் அழைப்புள்ளவர்களுக்கு மட்டும், பிறகுதான் பொதுமக்கள். முக்கியமான படங்கள் பல அந்த முதல் நாளிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே மின்னஞ்சலில் படம் பார்த்தே, விலைபோய்விடும். ஆகவே பொதுமக்களுக்கான முதல் நாளான வியாழக்கிழமை உள்ளே நுழைகிறவர் பார்ப்பது பெரும்பாலும் விற்று முடிந்த சுவர்களை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. படம் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும், பார்க்கத் தடை கிடையாது.

கொரியாவிலிருந்து யார் வருகிறார்கள்?

சியோலின் குக்ஜே கேலரி (1982-இல் தொடங்கியது), கேலரி ஹ்யுண்டாய் (1970) ஆகிய இரண்டும் பழைய கைகள். இவர்களைத் தவிர, கொரிய ஓவியர்களின் படங்களை ஐரோப்பிய, அமெரிக்க கேலரிகளும் தங்கள் அரங்குகளில் கொண்டுவருகின்றன. எனவே கொரிய ஓவியத்தைத் தேடுகிறவர் கொரிய கேலரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. நாடு பார்த்து அரங்கு ஒதுக்கும் வழக்கம் இந்தச் சந்தைகளில் இல்லை.

ஒரு நாட்டையே விருந்தினராக அழைத்த சந்தைகளும் உண்டு. 1996-இல் பாரிஸின் ஃபியாக், 2007-இல் மாட்ரிட்டின் ஆர்க்கோ ஆகியவை கொரியாவை அப்படி அழைத்தன. ஆனால் அந்த அழைப்புகளால் கொரிய ஓவியத்துக்கு ஐரோப்பாவில் நிலையான இடம் கிடைத்துவிடவில்லை. அதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

எல்லாம் ஏன் ஒரே நிறத்தில் இருக்கின்றன?

எல்லாம் இல்லை. ஆனால் சந்தையில் அதிகம் தெரிவது தான்செக்வா எனப்படும் ஒற்றை நிற ஓவியம்தான். 1970-களின் தொடக்கத்திலிருந்து ஒரு தலைமுறை ஓவியர்கள் வண்ணத்தையும் உருவத்தையும் குறைத்துக்கொண்டே போய், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதையே ஓவியமாக்கினார்கள். பாக் சோபோ, ஹா சோங்-ஹியுன், யுன் ஹியோங்-குன், சொங் சாங்-ஹ்வா, க்வோன் யங்-ஊ, சொங் சாங்-சோப், லீ ஊஃபான் ஆகிய பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

இவர்கள் கூடி அறிக்கை எழுதித் தொடங்கிய இயக்கம் அல்ல இது. 1975-இல் டோக்கியோ கேலரியில் ஐந்து கொரிய ஓவியர்களின் வெள்ளை ஓவியங்களை வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. இவர்களை ஒரு குழுவாகப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்து வலுப்பட்டது. இன்றைய பெயர் பரவலானது 2000-க்குப் பிறகுதான்.

இவற்றை எப்படிச் செய்கிறார்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி.

ஹா சோங்-ஹியுன் (பிறப்பு 1935) கேன்வாஸின் முன்பக்கம் தீட்டுவதில்லை. முரட்டுச் சாக்குத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்பக்கத்திலிருந்து கெட்டியான எண்ணெய் வண்ணத்தை அழுத்தித் தள்ளுகிறார். இழைகளின் சந்து வழியாக வண்ணம் பிதுங்கி முன்னால் வருகிறது. பிறகு அதைக் கட்டையாலோ கத்தியாலோ இழுக்கிறார், அல்லது அப்படியே விட்டுவிடுகிறார். 1974 முதல் இதுதான் அவர் வழி. போருக்குப் பிந்தைய கொரியாவில் அமெரிக்க நிவாரண உணவு வந்து இறங்கிய சாக்குகள் எங்கும் கிடந்தன, அந்த வகைத் துணிதான் அவர் கைக்கு எட்டிய பொருள். அவருடைய படத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்ணம் சின்னச் சின்னக் குமிழாக வெளியே நிற்கும்.

பாக் சோபோ (1931–2023) ஈரம் காயாத வெள்ளை வண்ணத்தின் மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே போவார். மேலே மீண்டும் வண்ணம், மீண்டும் கோடு. அவருடைய சின்ன மகன் கட்டம் போட்ட நோட்டில் எழுத முயன்று, எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல், கடைசியில் எல்லாவற்றையும் கிறுக்கித் தள்ளியதைப் பார்த்தபோது இந்த வழி பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் 1980-களில் ஹன்ஜி என்ற கொரியக் கைக்காகிதத்துக்கு மாறினார். காகித மல்பெரி மரப்பட்டையில் செய்த அந்தக் காகிதத்தை ஊறவைத்து, அடுக்கி ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே கோடு கீறினால் இருபக்கமும் காகிதம் வரப்பாக எழும்பும். 2000-இல் ஜப்பானின் பான்டாய் மலையில் இலையுதிர்காலச் சிவப்பைப் பார்த்த பிறகு அவர் படங்களில் அடர்ந்த நிறங்கள் வந்தன. அதனால் சிவப்பு பாக் சோபோவைப் பார்த்தால் பிற்காலத்தது என்று ஊகிக்கலாம்.

சொங் சாங்-ஹ்வா (பிறப்பு 1932) வேலை பொறுமையின் எல்லை. கேன்வாஸ் முழுக்கக் களிமண் கலவை பூசிக் காயவிடுவார். காய்ந்ததும் துணியை மடித்து மடித்து வெடிப்பு உண்டாக்கி, சின்னச் சின்னச் சதுரங்களாகப் பெயர்த்தெடுத்து, அந்தக் குழிகளில் அக்ரிலிக் வண்ணம் நிரப்புவார். மீண்டும் பெயர்ப்பு, மீண்டும் நிரப்பல். ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். தொலைவில் வெறும் வெள்ளைச் சுவராகத் தெரிவது, கிட்டப் போனால் வயல் வரப்புகளை மேலிருந்து பார்ப்பதுபோல விரியும்.

க்வோன் யங்-ஊ (1926–2013) தூரிகையையே கீழே வைத்துவிட்டார். ஹன்ஜியைக் கிழிப்பது, விரலால் துளைப்பது, ஒட்டுவது, அவ்வளவுதான். சொங் சாங்-சோப் அந்தக் காகிதத்தின் கூழையே கேன்வாஸில் பிசைந்து பரப்பினார். லீ ஊஃபான் ஒரு தூரிகையில் வண்ணத்தைத் தோய்த்து, அது தீரும்வரை கோடோ புள்ளியோ வைப்பார். தீர்ந்ததும் அடுத்த வரி.

ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் ஒற்றை நிற ஓவியம் முன்பே செய்தார்களே. இது நகல்தானே?

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும் என்பது உண்மை. பாக் சோபோ 1961-இல் பாரிஸில் இருந்தார், க்வோன் யங்-ஊ 1978 முதல் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். ஆனால் எல்லாவற்றையும் எளிய வடிவங்களாகக் குறைக்கும் அமெரிக்க மினிமலிசத்தில் கை தெரியக் கூடாது. தொழிற்சாலையில் வெட்டி வந்த உலோகப் பெட்டிகூட அங்கே கலைப்படைப்பு. கொரியப் படங்களில் கை, மூச்சு, சலிப்பு, விடாப்பிடி எல்லாம் தெரிய வேண்டும். ஹன்ஜி, மை, சோசன் அரச வம்சக் காலத்து வெள்ளைப் பீங்கான் என்று அவர்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபும் இருக்கிறது. அந்த மரபு ஓவியத்தின் உள்ளே வேலை செய்கிறதா, அல்லது பிறகு விற்பனைக்காக ஒட்டப்பட்டதா என்பது படத்துக்குப் படம் மாறும். "கிழக்கின் தியானம்" என்று அரங்கில் யாராவது மொத்தமாக விளக்கினால், கொஞ்சம் பொறுங்கள். ஒரு குறிப்பிட்ட படத்தைக் காட்டி, அதில் என்ன பொருள், எத்தனை அடுக்கு என்று கேளுங்கள். நல்ல கேலரிக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

ஐரோப்பா எப்போது கவனிக்கத் தொடங்கியது?

2015 வெனிஸ் பினாலே சமயத்தில். இத்தாலியின் வெனிஸ் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி அது. பலாஸோ கொன்டாரினி-பொலிஞ்ஞாக் என்ற பழைய மாளிகையில் தான்செக்வா கண்காட்சி ஒன்று நடந்தது. பினாலேவுக்கு உலகமே வரும். அருங்காட்சியகத் தலைவர்களும் சேகரிப்பாளர்களும் ஒரே வாரத்தில் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். இதற்கு முன்பு 2012-இல் கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி வைத்திருந்தது, 2014-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கேலரியும் வைத்தது. வெனிஸ் கண்காட்சியின் பின்னால் கேலரிகளின் ஆதரவும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த, அல்லது தாண்டிவிட்ட ஓவியர்கள் ஒரே நேரத்தில் உலகப் பெயர்களானார்கள். யுன் ஹியோங்-குன் போன்றோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நாட்டில் சர்வாதிகாரம் நடந்தபோது இவர்கள் வெள்ளையைத் தீட்டிக்கொண்டிருந்தார்களா?

கடுமையான கேள்வி. கொரியாவிலேயே நாற்பது ஆண்டுகளாக இதைக் கேட்கிறார்கள். 1972-இல் தென் கொரிய அதிபர் பார்க் சுங்-ஹீ அரசமைப்பை மாற்றி எல்லா அதிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். தான்செக்வா மலர்ந்தது அதே ஆண்டுகளில். 1980-களில் எழுந்த மின்ஜுங் இயக்கம், அதாவது மக்கள் கலை இயக்கம், இந்த மௌனத்தைக் குற்றம் சாட்டியது. வசதியானவர்களின் சுவருக்கு ஏற்ற, யாருக்கும் தொந்தரவு தராத கலை என்றது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

ஆனால் யுன் ஹியோங்-குன் (1928–2007) வாழ்க்கையை வைத்துப் பாருங்கள். 1950-இல் போர் வெடித்தபோது நடந்த படுகொலைகளில் துப்பாக்கி முனையிலிருந்து தப்பியவர். 1956-இல் சிறை. 1973-இல் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தபோது, உளவுத்துறைத் தலைவரின் செல்வாக்கால் நடந்த முறைகேடான மாணவர் சேர்க்கையைத் தட்டிக்கேட்டார். அவர் போட்டிருந்த தொப்பி லெனின் தொப்பி போல இருக்கிறது என்று சொல்லி, கம்யூனிச எதிர்ப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளினார்கள். வெளியே வந்தபோது வயது 45. வேலை போய்விட்டது. அதன் பிறகுதான் முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கினார். கச்சா லினன் துணியில், நீலத்தையும் மண் பழுப்பையும் கலந்து, டர்பன்டைனில் நீர்க்கவைத்துப் பட்டையாக இழுப்பார். நீலம் வானம், பழுப்பு மண். வண்ணம் துணியில் கசிந்து ஓரங்களில் எண்ணெய்க் கறையாகப் படரும்.

1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றது. அடுத்து அவர் தீட்டிய படத்தில், எப்போதும் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கருந்தூண்கள் சாய்ந்து ஒன்றன் மேல் ஒன்று சரிகின்றன. அந்த ஆண்டே நாட்டை விட்டுப் பாரிஸுக்குப் போனார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இது மௌனம் என்று என்னால் சொல்ல முடியாது. அதே சமயம், சந்தை அரங்கில் யுன் படத்தின் பக்கத்தில் இந்தக் கதையை எழுதி வைப்பது அபூர்வம் என்பது எனக்கு உறுத்துகிறது. பெயர், ஆண்டு, அளவு, பொருள், அத்தோடு முடிந்தது.

சந்தையில் தெரியாத கொரிய ஓவியர்கள் யார்?

நிறைய. முதலில் மின்ஜுங் ஓவியர்கள். ஓ யுன் (1946–1986) மரச்செதுக்கில் அச்சிட்ட விவசாயிகளும் தொழிலாளர்களும் கொரியாவில் புகழ்பெற்றவை, ஐரோப்பியச் சந்தையில் காண்பது அரிது. மலிவாகப் பலரிடம் போய்ச் சேரவென்று செய்த அச்சுப் படம், விலையுயர்ந்த அரங்குக்குப் பொருந்தாமல் போவதில் ஆச்சரியமில்லை.

அடுத்து பெண்கள். மேலே சொன்ன தான்செக்வா பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. நா ஹே-சொக் (1896–1948) கொரியாவின் முதல் பெண் எண்ணெய் ஓவியர். 1927-இல் ஐரோப்பாவுக்கே பயணம் போனவர். மணவிலக்குக்குப் பின் சமூகம் அவரை ஒதுக்கியது, ஆதரவற்றவராக இறந்தார். சோய் வூக்-கியங் (1940–1985) ஆர்ப்பாட்டமான நிறங்களில் வரைந்தவர். 2021-இல் பாரிஸ் பாம்பிடூ மையம் அரூப ஓவியப் பெண்களுக்கு வைத்த கண்காட்சியில் அவருக்கு இடம் கிடைத்தது. சமகாலத்தில் நிலைமை தலைகீழ். லீ புல், கிம்சூஜா, ஹேகு யாங் ஆகிய மூன்று பெண்களும் ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்டவர்கள்.

1960, 70-களில் புதிய வழிகளைச் சோதித்துப் பார்த்த கலைஞர்கள் இப்போதுதான் மேலே வருகிறார்கள். கிம் கூ-லிம், லீ சுங்-தேக், லீ குன்-யோங் ஆகியோருக்கு 2023-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் இடமளித்தது. லீ குன்-யோங் கேன்வாஸின் பின்னால் நின்று, கை எட்டும் தூரம் வரை முன்னால் வண்ணம் தீட்டியவர். தன் உடம்பின் அளவே ஓவியத்தின் அளவு.

1950-களின் படங்கள் ஏன் வருவதில்லை? பாக் சூ-குன், லீ ஜுங்-சோப் பெயரை எங்கும் காணோமே?

பாக் சூ-குன் (1914–1965), லீ ஜுங்-சோப் (1916–1956) இருவரும் கொரியர்களின் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள். லீ ஜுங்-சோப் வரைய வழியில்லாமல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் கீறி வரைந்தவர். அவர்கள் படங்கள் எண்ணிக்கையில் குறைவு, உள்நாட்டிலேயே பெரும் தேவை.

இன்னொரு காரணம் சட்டம். ஐம்பது ஆண்டு கடந்த கலைப்பொருட்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும் என்பது கொரியாவின் பாரம்பரியப் பாதுகாப்பு விதி. கோயில் சிலைகளுக்கும் பழம் பீங்கானுக்கும் இது சரி. ஆனால் காலம் ஓட ஓட, நவீன ஓவியங்களும் ஐம்பதைத் தாண்டி அந்த வலைக்குள் விழத் தொடங்கின. 2023-இல் லண்டனில் ஃப்ரீஸின் துணைச் சந்தையான ஃப்ரீஸ் மாஸ்டர்ஸுக்குக் கொண்டுபோக விரும்பிய ஓவியர் குவாக் இன்-சிக்கின் 1962-ஆம் ஆண்டுப் படைப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. அது பெரிய விவாதமானது. 2024-இல் விதியைத் திருத்தி, 1946 முதல் செய்த படைப்புகளுக்கு இந்தத் தடையை நீக்கினார்கள். இனி வரும் ஆண்டுகளில் 1950, 60-களின் படங்கள் ஐரோப்பாவில் அதிகம் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன், ஆவலோடு.

விலை எவ்வளவு?

அரங்கில் விலை எழுதி ஒட்டியிருக்காது, கேட்டால் சொல்வார்கள். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு அளவுகோல் வேண்டுமானால், கொரிய அரூப ஓவியர் கிம் வான்கியின் (1913–1974) நீல வட்டங்கள் கொண்ட இரட்டைக் கேன்வாஸ் 2019-இல் ஹாங்காங் ஏலத்தில் கட்டணங்கள் சேர்த்து சுமார் 1.3 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. அன்று வரை எந்தக் கொரிய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொடவில்லை. ஏல விலையும் சந்தை விலையும் ஒன்றல்ல. சந்தையில் கேலரி முன்கூட்டியே விலை வைத்திருக்கும், யாருக்கு விற்பது என்பதையும் அதுவே முடிவு செய்யும்.

போலிகள் உண்டா?

உண்டு. லீ ஊஃபான் படங்கள் தொடர்பாக 2016-இல் நடந்தது விசித்திரமானது. 13 படங்கள் போலி என்று சியோல் காவல்துறை சொன்னது. ஓவியரே நேரில் வந்து பார்த்துவிட்டு, பதின்மூன்றும் தான் வரைந்தவையே என்றார். ஆனால் நாங்கள்தான் போலி செய்தோம் என்று ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. அதனால் வாங்குகிறவர்கள் படம் இதுவரை யார் யார் கையில் இருந்தது, எந்தக் கண்காட்சியில் வைக்கப்பட்டது என்ற வரலாற்றைத் துருவுகிறார்கள்.

நாம் ஜூன் பைக் இதில் எங்கே வருகிறார்?

தனி வழியில். வீடியோ கலையின் முன்னோடி அவர். சியோலில் பிறந்து, டோக்கியோவில் படித்து, 1956-இல் ஜெர்மனிக்குப் போனவர். 1963-இல் வுப்பர்டால் நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகளையே கலைப்பொருளாக்கிக் காட்டினார். 1993 வெனிஸ் பினாலேயில் ஜெர்மனியின் அரங்கில் பங்கேற்று, ஜெர்மன் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கேயுடன் சேர்ந்து தங்கச் சிங்கம் விருது பெற்றார். 1995-இல் பினாலே நடக்கும் வெனிஸ் பூங்காவில் கொரியாவுக்கு நிரந்தர அரங்கு அமைந்ததில் அவருடைய முயற்சி பெரிது. ஐரோப்பாவில் கொரியக் கலைக்குக் கதவைத் திறந்தவர் ஒருவரைச் சொல்லச் சொன்னால் இவரைத்தான் சொல்வேன்.

கேலரி ஹ்யுண்டாய் என்றால் கார் நிறுவனமா?

இல்லை, பெயர் மட்டும் ஒன்று. ஆனால் கார் நிறுவனமும் கலைக்குச் செலவழிக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் அதே ஹ்யுண்டாய் மோட்டார்தான், லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் மண்டபத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் வரும் பெரிய படைப்புக்கு நிதி தருகிறது. 2024-இல் அந்த வாய்ப்பு கொரியாவின் மீரே லீக்குக் கிடைத்தது.

வட கொரிய ஓவியங்கள் வருமா?

வருவதில்லை. அங்கே ஓவியம் அரசுக் கலைக்கூடங்களின் பணி. அவற்றில் பெரியதான மான்சுடேயின் வெளிநாட்டு வணிகப் பிரிவு 2017-இல் ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்ந்தது.

வாங்கப் பணமில்லை. பார்க்க மட்டும் போகலாமா?

தாராளமாக. பெரும்பாலானோர் அப்படித்தான் போகிறார்கள். சுவிஸில் வாழும் தமிழர்களுக்கு பாசல் ஒரு ரயில் பயணம்தான். நுழைவுச் சீட்டு மலிவல்ல. ஆனால் ஊருக்குள் ஆங்காங்கே படைப்புகளை வைக்கும் பார்கூர் பகுதியைப் பார்க்கக் கட்டணமில்லை. பிரமாண்டமான படைப்புகளுக்கென்று அன்லிமிடட் என்ற தனி மண்டபம் இருக்கிறது. கால் வலிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

தான்செக்வா படத்தை எதிரே நின்று பார்த்தால் மட்டும் போதாது. முதலில் தள்ளி, பிறகு ஒரு முழ தூரத்தில், அப்புறம் பக்கவாட்டிலிருந்து. ஓரங்களைக் கவனியுங்கள், துணி எங்கே முடிகிறது, வண்ணம் எங்கே நிற்கிறது என்று. கைப்பேசியில் எடுத்த படத்தில் இவை வெறும் சாம்பல் சதுரமாகிவிடும், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நூறு படத்தை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட நாலு படத்தின் முன் நேரம் செலவழிப்பது மேல்.

சந்தை நாட்களில் போக முடியாவிட்டால் எங்கே பார்ப்பது?

ஐரோப்பாவில் என்றால் பிரான்ஸின் ஆர்ல் நகரில் 2022-இல் திறந்த லீ ஊஃபான் மையம். ஜப்பானின் நாவோஷிமா தீவிலும் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் டாடாவோ ஆன்டோ. சியோல் போகிறவர்கள் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. சாம்சங் தலைவராக இருந்த லீ குன்-ஹீயின் குடும்பம் 2021-இல் அரசுக்குக் கொடுத்த சுமார் 23,000 பொருட்களில் நவீன ஓவியங்கள் பல அங்கேதான் சேர்ந்தன. அதே ஊரில் புவாம்-டோங் பகுதியில், கிம் வான்கியின் மனைவி கிம் ஹியாங்-ஆன் 1992-இல் திறந்த வான்கி அருங்காட்சியகம் இருக்கிறது. யுன் ஹியோங்-குன் அந்த வீட்டு மருமகன். மாமனாரின் நீலத்தை இங்கே பார்த்துவிட்டு, மருமகனின் நீலத்தை தேசிய அருங்காட்சியகத்தில் தேடிப் பாருங்கள்.